டெர்பி ஞாயிறும் நம் இல்லங்களும்

பிப்ரவரி மாதம் பிறந்துவிட்டால் மும்பை மாநகருக்கு ஒரு திருவிழா வந்துவிடுகிறது. பஞ்சாங்கத்தில் அதற்கு இடமில்லை; விரதமும் இல்லை, நைவேத்தியமும் இல்லை. பெரும்பாலும் அம்மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, மகாலட்சுமி குதிரைப் பந்தயத் திடலில் ‘இந்தியன் டெர்பி’ நடைபெறுகிறது. இந்நாட்டில் பிறந்த நான்கு வயதுக் குதிரைகள் 2400 மீட்டர் தூரம் ஓடும் ஓட்டம் அது. தொடங்கி முடிய இரண்டரை நிமிடமே ஆகும். அந்த இரண்டரை நிமிடத்தைப் பற்றி ஒரு வாரம் முன்னதாகவே பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. இந்நகரில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் நம்மவர் இல்லங்களிலோ அதைப் பற்றி உரக்கப் பேசும் வழக்கம் இன்றளவும் ஏற்படவில்லை. பேசாமல் இருந்ததற்கும் காரணம் உண்டு. அந்தத் திடலை நாம் வெறுத்துவிட முடியாமற் போனதற்கும் காரணம் உண்டு. அவ்விரண்டையும் இங்கே சொல்லிப் பார்க்க விரும்புகிறோம்.

முதலில் திடலின் வரலாறு. பழைய பம்பாயில் பைகுல்லாப் பகுதியில் நடந்துவந்த பந்தயம் 1883ஆம் ஆண்டு மகாலட்சுமிக்கு இடம் மாறியது.  ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலுள்ள கால்பீல்டு திடலை முன்மாதிரியாகக் கொண்டு இது அமைக்கப்பட்டது. இங்கிலாந்தில் 1780 முதல் நடந்துவரும் டெர்பியின் பெயரும் பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டில் இங்கு முதல் டெர்பி ஓடியது. வென்றது ‘பிரின்சஸ் பியூட்டிபுல்’ என்னும் பெண் குதிரை. உடைமையாளர் பரோடா மகாராஜா. ஏறி ஓட்டியவர் எட்கர் பிரிட் என்னும் ஆஸ்திரேலியர். ஆங்கிலப் பெயர், மராட்டிய மன்னர், ஆஸ்திரேலிய வீரர்! பம்பாய் என்னும் ஊரின் இயல்பை ஒரே பிற்பகலில் காட்டிவிட்டது அந்த ஓட்டம் எனலாம்.

இன்றைய டெர்பி ஞாயிறன்று திடலுக்குள் இரண்டு ஊர்கள் இருப்பதைக் காணலாம். ஒன்று, கிளப் அங்கத்தினர் பகுதி. பூவும் இறகும் வைத்த தொப்பிகளை அணிந்த சீமாட்டிகளும், கோடைக்கு முந்திய வெயிலில் கோட்டும் கழுத்துப்பட்டையுமாய் வியர்க்கும் கனவான்களும், அவர்களைப் படம் பிடிப்போரும் அங்கே. அவர்களிற் பலர் குதிரையைப் பார்ப்பதே இல்லை என்று விவரமறிந்தவர்கள் சொல்வார்கள். பல ஆண்டுகள் இவ்விழா ஒரு மதுபான நிறுவனத்தின் பெயரைத் தலையில் சூடிக்கொண்டு நடந்தது என்பதையும் நினைவிற்கொள்க. மற்றோர் ஊர், பொதுமக்கள் பகுதி. அங்கே தொப்பி இல்லை. மடித்த பந்தயப் புத்தகமும் காதில் செருகிய பென்சிலும் உண்டு. குதிரையின் தாய் தந்தை யார், சென்ற முறை எத்தனை எடை சுமந்தது, எவர் ஏறினார் என்று வேதபாடம் போல் ஒப்பிப்பவர்கள் அவர்கள். மாட்டுங்கா ரோடு நிலையத்தில் ஏறி மகாலட்சுமியில் இறங்கும் அக்கூட்டத்தில் நம் தமிழ் முகங்களும் என்றும் இருந்துள்ளன. லோயர் பரேல் ஆலைச் சங்குகள் ஒலித்த நாட்களில், சம்பள நாளை அடுத்து வரும் பந்தய நாளை ஆலைத் தொழிலாளர் மனைவியர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை அந்தச் சால்களில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

நம் இல்லங்களில் ‘ரேஸ்’ என்னும் சொல்லுக்கு நோயின் பெயருக்குரிய இடம் இருந்தது. அதைச் சொல்லும்போது குரல் தாழும். குழந்தைகள் வெளியே அனுப்பப்படுவார்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது, ஊரில் குலம் கோத்திரம் விசாரித்தது போல, இங்கே பையனின் அலுவலகத்தாரிடம் மெல்ல ஒரு கேள்வி கேட்கப்படும்: “பையன் நல்ல மாதிரிதானே? ரேஸ், கீஸ் ஒன்றும் கிடையாதே?” சம்பளம் குறைவென்றால் பொறுத்துக்கொண்டார்கள். குடக்கூலிக்கு ஓர் அறைதான் என்றாலும் சம்மதித்தார்கள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தயங்கி வந்தால் ஜாதகம் திரும்பிவிடும். வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். நளன் கதையும் தருமன் கதையும் நம் பாட்டிமார் வாயிலிருந்து வந்தவையே. ஆயினும் பாட்டி சொன்ன கதையைக் காட்டிலும் அடுத்த வீட்டில் கண்ட கதையே மனிதர்க்குப் பாடமாகிறது.

அத்தகைய கதை ஒன்றை நாமும் கண்டோம். 1980களில் மாட்டுங்காவில் நாம் குடியிருந்த கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒரு குடும்பம் இருந்தது. கணவர் ஒரு கம்பெனியில் கணக்கெழுதுபவர். வெற்றிலை கூடப் போடாதவர். நவராத்திரியில் ஒன்பது நாளும் பாராயணம் செய்பவர். நவம்பர் முதல் ஏப்ரல் வரை நடைபெறும் பந்தயப் பருவத்தில் மட்டும் ஞாயிற்றுக்கிழமைப் பகலுணவிற்குப் பின் அவர் வீட்டில் இருப்பதில்லை. முதலில் அம்மையாரின் வளையல் குறைந்தது. பிறகு வெள்ளிக் கூஜா. அதன் பின் சேமநிதியிலிருந்து கடன். ஒரு முறை வென்றும் இருக்கிறார். அன்று கட்டடத்துக் குழந்தைகள் அனைவருக்கும் ஐஸ்கிரீம் வந்தது. அம்மையார் மட்டும் அதைத் தொடவில்லை. தட்டை, முறுக்கு, மனோகரம் என்று செய்து, டப்பாக்களில் அடைத்து, பிள்ளைகள் கையில் கொடுத்து வீடு வீடாக அனுப்பியே அந்த வீட்டின் பள்ளிக் கட்டணம் கட்டப்பட்டது. சண்டை சச்சரவு ஒன்றும் எவர் காதிலும் விழவில்லை. சுவர்கள் மெல்லியவை, அவர்கள் குரலை இன்னும் மெல்லியதாக வைத்துக்கொண்டார்கள்.

இதில் கணக்கெழுதுபவரே ஏமாறுவதுதான் நமக்கு வியப்பாக இருக்கும். ஏனெனில் இதன் கணக்கு மிக எளிது. ‘டோட்’ எனப்படும் முறையில், ஓர் ஓட்டத்திற்குச் சீட்டு வாங்கியவர் அனைவரின் பணமும் ஒரே உண்டியலில் விழுகிறது. அதிலிருந்து அரசின் வரியும் கிளப்பின் பங்கும் முதலிற் கழிகின்றன. எஞ்சியதை வென்ற சீட்டுக்காரர்கள் பங்கிட்டுக்கொள்கின்றனர். ஆகவே எந்தக் குதிரை வென்றாலும், சீட்டு வாங்கியோர் அனைவரையும் ஒரே குடும்பமாக எண்ணினால், அக்குடும்பம் மாலையில் உள்ளே கொண்டுபோனதைவிடக் குறைவாகவே வெளியே கொண்டுவரும். இதற்கு விதிவிலக்கான நாள் ஒன்றும் கிடையாது. 28 விழுக்காடாக இருந்த சரக்கு சேவை வரி 2025 செப்டம்பரில் 40 விழுக்காடாக உயர்ந்துள்ள நிலையில் இக்கணக்கு இன்னும் கொடியது. குதிரை கீழே தள்ளியதுமன்றிக் குழியும் பறித்த கதை. இவ்வளவு வரி போட்டால் ஆட்டம் ஒழியாது, கணக்கில் வாராத புக்கியின் தொலைபேசிக்குப் போய்விடும் என்று கிளப்புகள் வாதிடுகின்றன. சுயநலம் கலந்த வாதமே. ஆயினும் பொய் என்று தள்ளுவதற்கில்லை.

குதிரைப் பந்தயம் சூதாட்டம் அன்று, திறமைக்குரிய விளையாட்டே என்று உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்கு வழிசெய்த வழக்கு நம் சென்னையிலிருந்து சென்றதே. தமிழக அரசு 1974இல் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. 1986இல் சென்னைப் பந்தயக் கிளப்பை அரசே எடுத்துக்கொள்ள மற்றொரு சட்டம் வந்தது. இவற்றையொட்டி எழுந்த வழக்குகளில்தான் அந்த முடிவு பிறந்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஏறுபவரின் கைத்திறன் ஆகியவற்றை ஆராய்ந்து கணிப்பதில் திறமை உண்டு என்பதை மறுப்பார் இலர். இரண்டாம் மாடிக் கணக்கருக்கும் அத்திறமை இருந்தது. அவர் பந்தயப் புத்தகத்தின் ஓரங்களில் எழுதிவைத்த குறிப்புகளைக் கண்டால் ஒரு பேராசிரியரும் நாணுவார். திறமை இருந்தும் வளையல் போயிற்று என்பதுதான் செய்தி.

இவ்வளவும் சொன்ன பின், வெறுப்பு முழுமையாக இருந்திருக்க வேண்டும். அவ்வாறு இல்லை. அதற்குக் காரணம் அந்த நிலம்.

மகாலட்சுமி நிலையத்துப் பாலத்தின் மேல் நின்று பாருங்கள். ஒருபுறம் தோபி காட்டின் கல் தொட்டிகளும் கொடிகளில் ஆடும் துணிகளும். மறுபுறம், எதிர்பாராத வண்ணம், ஒரு வெற்றிடம்! இருநூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பசும்பரப்பு. அதற்கப்பால் ஹாஜி அலி, அதற்கப்பால் கடல். இந்நகரில் வானத்தை முழுதாகக் காணக் கடற்கரைக்குப் போக வேண்டும். அல்லது இங்கே வர வேண்டும். பந்தயமில்லாத காலை மாலைகளில் உள்வட்டத்தில் நடப்பதற்குப் பொதுமக்களுக்குக் கட்டணமின்றி இடமளித்து வந்துள்ளனர். ஓய்வு பெற்ற நீதிபதியும் மீன் கூடை சுமக்கும் மாதும் ஒரே பாதையில் நடக்கும் இடம் இந்நகரில் வேறு எங்கே உண்டு? நம்மவர் பலர், பந்தயச் சீட்டு இன்ன நிறம் என்றே அறியாதவர்கள், அங்கே நாற்பது ஆண்டு நடந்திருக்கிறார்கள். அதிகாலைப் பனியில் பயிற்சிக்கு வரும் குதிரைகளின் குளம்பொலி முதலிற் கேட்கும். பிறகே உருவம் தெரியும். அதைக் கேட்டவர்க்கு அந்த விலங்கின் மீது வெறுப்பு வாராது.

இந்த வெளி எப்படிப் பிழைத்தது என்று கேட்டால், சங்கடமான பதில் ஒன்றே உண்டு. பந்தயம் நடந்ததால் பிழைத்தது. சுற்றிலும் இருந்த பருத்தி ஆலைகளை எண்ணிப் பாருங்கள். 1982 வேலைநிறுத்தத்திற்குப் பின் அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆலை நிலங்களை விற்றால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பூங்காவிற்கும் ஒரு பங்கு எளியோர் குடியிருப்பிற்கும் என்று 1991இல் விதி செய்யப்பட்டது. 2001இல் அவ்விதி திருத்தப்பட்டு, கட்டடமில்லாத காலி நிலத்திற்கு மட்டுமே பங்கு என்றாயிற்று. 2006இல் உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது. விளைவை லோயர் பரேலில் இறங்கி அண்ணாந்து பார்த்தால் அறியலாம். உழைப்பாளர் நின்ற நிலமெல்லாம் கோபுரமாயிற்று. குதிரை ஓடிய நிலம் மட்டும் புல்லாகவே இருந்தது. நம் அறம் காவாத மண்ணைச் செல்வரின் கேளிக்கை காத்தது என்பது விழுங்கக் கடினமான கவளமே.

இரண்டாம் மாடி அம்மையாரை இங்கே மறுபடி நினைக்கிறோம். கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மகன் வொர்லியில் வீடு வாங்கினான். முழங்கால் வலிக்கு மருத்துவர் நடக்கச் சொன்னபோது, மகன் அவரை அழைத்துச்சென்ற இடம் அந்தத் திடல்! நாம் ஒரு நாள் அவரை அங்கே கண்டு திகைத்து, “மாமி, இங்கேயா வருகிறீர்கள்?” என்று கேட்டுவிட்டோம். அவர் சிரித்தார். “இந்த இடத்துக்கு நான் கட்டின பணம் கொஞ்சமா? நடக்க எனக்கில்லாத பாத்தியதை வேறு யாருக்கு?” என்றார். பிறகு தாமாகவே, “அவர் ஒரு நாளாவது என்னை அழைத்து வந்து குதிரையைக் காட்டியிருக்கலாம். அழகாகத்தான் இருக்கிறது” என்றும் சொன்னார். அதற்கு மேல் நாம் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் நடையை எட்டிப் போட்டார்.

குதிரையின் தரப்பையும் சொல்லாமல் விடலாகாது. சாட்டையடியும், கால் முறிந்தால் உயிர் போக்குவதும், ஓட்டம் முடிந்த வயதில் அதன் கதி என்ன என்னும் கேள்வியும் இந்நகரத்து இளைஞர் பலரைப் பந்தயத்திற்கு எதிராகத் திருப்பியுள்ளன. கடற்கரையோரம் உல்லாசச் சவாரிக்கு ஓடிய விக்டோரியா வண்டிகள் சட்டவிரோதம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. வண்டிக்காரன் குதிரைக்கு ஒரு நீதி, கிளப் குதிரைக்கு ஒரு நீதியா என்று அப்போது கேட்டவர்களுக்கு நேரான பதில் கிடைத்ததாக நமக்குத் தோன்றவில்லை. இவ்விவாதத்தில் தமிழர் வாய் திறந்தால் உடனே, “உங்கள் ஜல்லிக்கட்டு?” என்று அண்டை வீட்டார் கேட்பதும் வழக்கமாகிவிட்டது. 2014இல் தடை, 2017இல் புதிய சட்டம், 2023இல் அச்சட்டத்திற்கு உச்ச நீதிமன்ற ஒப்புதல் என்று நாம் விளக்கி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. அரசன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்ட மாணிக்கவாசகரைச் சான்றுக்கு அழைக்கலாம்தான். ஆனால் அவர் கதையிலும் நரி பரியாகி, பரி மீண்டும் நரியான பின் அடி வாங்கியவர் அவரே!

லாயங்களில் வேலை செய்யும் மக்களும் உண்டு. குதிரைக்காரர், லாடம் அடிப்போர், தீவனம் சுமப்போர், பயிற்சிக்கு ஏறும் சிறுவர்கள் ஆகியோர், மழைக்காலப் பந்தயத்திற்குக் குதிரைகள் புனேவிற்குப் போகும்போது தாமும் போய், பருவம் மாறியதும் திரும்புபவர்கள். தந்தைக்குப் பின் மகன் என்று இத்தொழிலில் இருப்பவர்களுக்கு வேறு தொழில் தெரியாது. டெர்பி நாளில் தொப்பிகளைப் படம் பிடிக்கும் பத்திரிகைகள் இவர்களைப் படம் பிடிப்பது அரிது.

இவ்வேளையில் தாயகத்திலிருந்து வந்த செய்திகள் நம் மனத்தை மேலும் கலக்கின. 2024ஆம் ஆண்டு ஜூலையில் ஊட்டிப் பந்தயத் திடலை வாடகை நிலுவைக்காகத் தமிழக அரசு எடுத்துக்கொண்டது. செப்டம்பரில் கிண்டித் திடலின் குத்தகையை ரத்து செய்து, வாயில்களுக்கு முத்திரையும் இட்டது. 160 ஏக்கர்! மாதுங்காவிலும் செம்பூரிலும் இச்செய்தி வந்த அன்று பெரியவர்களின் பேச்சைக் கேட்டோம். “ஒழிந்தது சனியன்” என்று தொடங்கியவர்களே, “அந்த இடத்தை என்ன செய்யப் போகிறார்களாம்?” என்று முடித்தார்கள். கோடைதோறும் ஊட்டியில் மலர்க் காட்சியையும் பந்தயத்தையும் ஒரே விடுமுறையில் கண்டு வந்த முதியவர் ஒருவர் மட்டும், பணம் கட்டியதே இல்லை என்று சத்தியம் செய்துகொண்டு, கண் கலங்கினார். சத்தியத்தை அவர் மனைவியார் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

மகாலட்சுமியிலும் குத்தகை 2013இல் முடிந்தது. அப்போதே அங்கே கேளிக்கைப் பூங்கா அமைக்கும் யோசனை எழுந்து, எதிர்ப்பில் அமிழ்ந்தது. பதினோர் ஆண்டு இழுபறிக்குப் பின் 2024இல் உடன்பாடு ஏற்பட்டது. மொத்தம் 211 ஏக்கரில் 120 ஏக்கர் மாநகராட்சியின் பூங்காவிற்கு; 91 ஏக்கர் பந்தயத்திற்காகக் கிளப்பிற்கு, 2053 வரை. கடற்கரைச் சாலையையொட்டிக் கடலைத் தூர்த்துப் பெற்ற ஏறத்தாழ 175 ஏக்கரையும் இதனுடன் இணைத்து, முந்நூறு ஏக்கர் அளவில் பெரும் பூங்கா அமையும் என்கிறார்கள். கேட்க இனிக்கிறது. பந்தயமும் நடக்கும், பொதுமக்களுக்குப் பூங்காவும் கிடைக்கும் என்றால் யார் வேண்டாம் என்பார்?

ஆயினும் ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பூங்கா என்று சொன்னதையும் இதே ஊரில்தான் கேட்டோம். நிலத்தடியில் வாகன நிறுத்தம், விளையாட்டரங்கம் என்று இப்போதே பேச்சுகள் எழுந்துள்ளன. அடியில் கான்கிரீட் கூரை இருந்தால் மேலே ஆலமரம் எங்ஙனம் வேர் விடும் என்று நடைப்பயிற்சி அன்பர்கள் கேட்கிறார்கள். 2023 முதல் அத்திடலில் நடந்துவரும் பெரும் இசை விழாவின் ஓசையை ஒரு மைல் தொலைவில் கேட்டவர்கள், பூங்கா என்றால் என்ன பொருள் என்று எழுத்தில் கேட்க விரும்புகிறார்கள். இக்கேள்விகளைக் கேட்பவர்களில் பாதிப் பேர் வாழ்நாளெல்லாம் பந்தயத்தைச் சபித்தவர்கள் என்பதை நாம் அறிவோம். சபித்த வாயாலேயே, ‘குதிரைகள் இருக்கும் வரையிலாவது அங்கே கட்டடம் எழாது’ என்றும் சொல்கிறார்கள். நாமும் அவர்களோடுதான் நிற்கிறோம்.

வரும் டெர்பி ஞாயிறன்று நம் இல்லத்து இளையவர்கள் சிலர் போகப் போகிறார்கள். கல்லூரித் தோழிகள் அழைத்திருக்கிறார்களாம். தொப்பிக்குப் பூ தைக்கும் வேலை கூடத்தில் நடந்துகொண்டிருக்கிறது. சீட்டு வாங்கலாகாது என்பது நிபந்தனை. நுழைவுக் கட்டணமும் வழிச்செலவும் தவிர வேறு பணம் கையில் இராது என்பது ஏற்பாடு. குதிரைகள் ஓட்டத்திற்கு முன் வட்டமாக நடத்திக் காட்டப்படும் இடத்தில் முன்வரிசையில் நின்றுகொள்ளுங்கள், அதைப் பார்ப்பதற்குப் பணம் வேண்டியதில்லை என்று சொல்லியிருக்கிறோம். மறுநாள் திங்கட்கிழமை காலை திடல் மீண்டும் நடப்பவர்களுக்குத் திறந்திருக்குமா என்று விசாரித்துவரவும் சொல்லியிருக்கிறோம்.